சூடு காட்டும் முள்

பயந்தாங்கொள்ளி என்று என்னைக் கூப்பிட இந்த உலகத்தில் உரிமை வைத்திருந்த ஒரே மனுஷிக்கு, என் சரோஜா அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம், சூடேற்றிய பெட்டிக்குள் உன் பேத்தி படுத்திருக்கிறாள். மாதம் நிறையாமல் பிறந்தவள். தலையை என் உள்ளங்கையில் வைத்தால் கால் முழங்கையைத் தாண்டாது என்று நினைக்கிறேன். வைத்துப் பார்க்க இன்னும் விடவில்லை.

உன் மகள் வித்யா கீழ்மாடி வார்டில் இருக்கிறாள். தையல் இழுக்கிறது, கஞ்சியில் உப்பில்லை, சித்தி எதற்கு இப்படி முறைத்து முறைத்துப் பார்க்கிறாள் என்று எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறாள். அதனால் அவளைப் பற்றிய பயம் எனக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. குழந்தையைப் பற்றியதுதான் குறையவில்லை. சற்று முன்பு நர்ஸ் வெளியே வந்து, "இன்னிக்கு அழவே இல்லம்மா, சமத்தா அமைதியா இருக்கா" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள். என்னால்தான் முடியவில்லை. அமைதியாக இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம், அக்கா?

இதை உன்னிடம்தான் கேட்க முடியும். ஏன் என்று போகப் போக உனக்கே புரியும். அதற்கு முன்னால் உன் வண்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திட்டாதே.

உன் வண்டி போய்விட்டது. பொம்மனஹள்ளி தாண்டி, ஓசூர் ரோட்டில், நட்டநடுவே நின்றுவிட்டது. இனி ஓடாது என்கிறார்கள்.

அந்த வண்டியைப் பற்றி நீ பேசும்போது, பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் பெருமையைச் சொல்வது போல இருக்கும். மூன்று சிலிண்டர். எண்ணூறு சிசிக்குக் கொஞ்சம் குறைவு. நாலு கியர். கார்புரேட்டர் வைத்த இன்ஜின், அதில் கம்ப்யூட்டர் எழவெல்லாம் கிடையாது, முப்பத்தேழு குதிரை சக்தி. முப்பத்தேழு குதிரையில் பாதி எப்போதோ செத்திருக்கும் என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வந்துவிடும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் பெண்பிள்ளையைத் தடவுவது போல அதன் பானெட்டைத் தடவிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாய்.

குறைகளை மட்டும் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். பெங்களூர் குளிரில் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்தால்தான் உயிர் வரும். சிக்னலில் நின்றால் மூன்று சிலிண்டரும் சேர்ந்து வண்டியையே உதற வைக்கும். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். வால்வு மூடியின் பேக்கிங்கிலிருந்து எண்ணெய் கசியும், நீ கீழே அட்டையை விரித்து வைப்பாய். உள்ளே எப்போதும் லேசாக பெட்ரோல் வாடை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சூடு. வருஷக்கணக்காக போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டருக்குள் உப்பு படிந்து, கொஞ்ச நேரம் நெரிசலில் நின்றாலே சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கும். முன் சீட்டில் உட்கார்ந்து நான் ரோட்டைப் பார்த்ததே இல்லை. அந்த முள்ளைத்தான் பார்ப்பேன்.

ஆனேக்கல் ரோட்டில் உனக்கு ஒரு தடவை நடந்தது ஞாபகம் இருக்கிறதா? முள் உச்சிக்கு ஏறியது, அப்புறம் தானாகவே கீழே இறங்கிவிட்டது, சரியாகிவிட்டது என்று நம்பி ஓட்டினாய், இன்ஜின் இழுத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்து சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னாய். "முள்ளு தண்ணியில நின்னாத்தான்டி சூடு சொல்லும். உள்ள தண்ணியே இல்லேன்னா அதுக்கு என்ன தெரியும், பாவம்? சமத்தா கீழ எறங்கிக்கும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி ஓட்டாமல் இருக்க இன்னொரு காரணம் கிடைத்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் நீ விடாமல் என்னை லைசன்ஸ் எடுக்க வைத்தாய். நீ போன பிறகு வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மாவின் வாசனை அதில்தான் இருக்கிறது என்று வித்யா அழுதாள். பெட்ரோல் வாடையைத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல முடியுமா? அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரோடு காலியாக இருக்கும்போது காய்கறிக் கடை வரைக்கும் இரண்டாவது கியரிலேயே போய், இரண்டாவது கியரிலேயே திரும்பி வருவேன். அதற்கே மத்தியானம் படுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த ஆயுத பூஜைக்கு வித்யாவின் வீட்டுக்காரர் முரளி, உன் பேரன் பெரியவனைக் கூட்டிக்கொண்டு ஆனேக்கல்லில் அவர் அப்பாவின் லேத் பட்டறைப் பூஜைக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் எட்டு மாத வயிற்றோடு வித்யாவும்தான். காலையில் வண்டியைக் கழுவினேன். நீ செய்கிற மாதிரியே பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் மூடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். நீ ஒரு பூ வைப்பாய். வித்யா, "இது அம்மாவுக்கும் சேர்த்து" என்று ஒரு முழம் சாமந்திச் சரத்தையே ரேடியேட்டர் தலைமேல் சாத்தினாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அப்படியே பானெட்டை மூடி, நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கி, தெருமுனை வரைக்கும் ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தினேன். நீ வைத்த பூவை மூடுவதற்கு முன்னால் எடுத்துவிடுவாயா, அக்கா? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது வித்யா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெரியவன் ஆபரேஷனில் பிறந்தவன். அதனால் இந்தத் தடவை லேசாக வலி வந்தாலும் உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மற்ற நாளென்றால் போனைத் தட்டினால் வண்டி வாசலில் நிற்கும். அன்றைக்கு ஊரில் உள்ள வண்டிகளுக்கெல்லாம் பிறந்தநாள் மாதிரி. ஸ்டாண்டில் ஆட்டோக்கள் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன, ஓட்ட ஒரு ஆள் இல்லை. போனில் கூப்பிட்ட டாக்சிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஆம்புலன்ஸ் வரும், ஆனால் ரோட்டில் நெரிசல், நேரமாகும் என்றார்கள். வித்யா சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "வாங்க சித்தி, செகண்ட் கியர்லயே போலாம்" என்றாள். அந்த வலியிலும் கிண்டல். உன் மகள்தானே.

ஓசூர் ரோட்டில் ஊரே இறங்கியிருந்தது. வாழைக்கன்று கட்டிய லாரிகள், பூசணிக்காய் உடைத்துச் சிதறிய ரோடு, தள்ளித் தள்ளி நகரும் பஸ்கள். என் கால் கிளட்சை விட்டு எழவே இல்லை. பக்கத்தில் வித்யா கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பாள், மூச்சை விடுவாள், மறுபடி பிடிப்பாள். நான் ஒரு கண்ணால் அவள் கையையும் ஒரு கண்ணால் முள்ளையும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். முள் பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. வழக்கமாகச் சூடானால் ஃபேன் ஒரு ஊளை போட்டுச் சுற்றுமே, அந்தச் சத்தம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

உன் வைத்தியம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியே போகும் என்பாய். திறந்தேன். இடுப்பு வலியில் துடிக்கிற பெண்ணின் முகத்தில் அனல் அடித்தது. "சித்தி, என்னை வேக வெக்கிறீங்களா?" என்று கத்தினாள். நான் முருகனைக் கூப்பிட்டேன், உன்னைக் கூப்பிட்டேன், முன்னால் போன பஸ்ஸைத் திட்டினேன். கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு என்று கெஞ்சினேன்.

அப்புறம் எல்லாம் ஒன்றாக நடந்தது. வித்யாவின் கை கதவுக் கைப்பிடியை விட்டது. சீட்டில் சாய்ந்துகொண்டாள்.

"சித்தி, வலி நின்னுடுச்சு."

நிஜமாவா என்று கேட்டேன். சுத்தமாக இல்லை என்றாள். ஹீட்டர் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, காற்றும் ஜில்லென்று வருகிறது என்றாள். "முள்ளைப் பாருங்க, அதுவும் எறங்கிடுச்சு. எல்லாம் செரியாயிடுச்சு. திரும்பிடலாம் சித்தி, சும்மா சூட்டு வலிதான் போல."

பார்த்தேன். முள் அடியில் போய்ப் படுத்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! எல்லாம் உங்கம்மா பார்த்துக்கொண்டாள் என்று சொல்லிக்கூட விட்டேன். முன்னால் யு டர்ன் தெரிந்தது. இண்டிகேட்டர் போட்டு, வலது பக்கமாக ஒதுங்கி, அங்கே காத்திருந்தேன். வீட்டுக்குப் போய் அவளைப் படுக்க வைத்து, நானும் காலை நீட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வாடை வந்தது. கருகுகிற ரப்பர், அதோடு ஏதோ பூ வெந்த மாதிரி ஒன்று. ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று என் கையில் பட்டது. ஹீட்டருக்கு எங்கிருந்து குளிர் வரும்? சூட்டைக் கொண்டுவருகிற தண்ணீர் இல்லாவிட்டால்தானே அப்படி வரும்? நீ சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. சமத்தா கீழ எறங்கிக்கும். பானெட் ஓரத்தில் புகை கிளம்பியது. உள்ளே சுத்தியால் அடிப்பது போல டக் டக்கென்று கேட்டது. வண்டி ஒரு தடவை குலுங்கி நின்றுவிட்டது.

அக்கா, அப்போது எனக்கு உன்னுடைய அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது.

காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாய். டாக்டரிடம் போகலாம் என்று நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். நீ எழுந்து உட்கார்ந்து, "வலி நின்னுடுச்சுடி, போ, போய்ப் படு" என்றாய். தயிர்சாதம் சாப்பிட்டாய். கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது போலக்கூட இருந்தது. நாம் இரண்டு பேரும் ஒரே ஃபேனுக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கினோம். விளக்கு வைக்கிற நேரத்தில் உன் கை சில்லிட்டிருந்தது. குடல்வால் உள்ளே உடைந்துவிட்டது, உடைந்தால் வலி சட்டென்று நிற்கும், அது நல்லதற்கு அல்ல என்று பிறகு டாக்டர் சொன்னார். உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நமக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? வலி நின்றால் சந்தோஷப்படத்தானே எல்லாருக்கும் தெரியும்?

வித்யாவைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. குழந்தை அசைகிறதா என்று கேட்டேன். வயிற்றில் கையை வைத்துப் பார்த்து, "தூங்குது போல" என்றாள். என் வாழ்நாளில் அவ்வளவு பயம் எனக்கு வந்ததில்லை. நீ செத்த அன்றுகூட வந்ததில்லை, ஏனென்றால் அன்றைக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ரோட்டில் இறங்கிக் கையை ஆட்டினேன். பைத்தியம் என்று நினைத்துச் சிலர் ஒதுங்கிப் போனார்கள். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டிய ஒரு குட்டி யானை சரக்கு வண்டி நின்றது. ஓட்டுபவரும் அவர் மனைவியும் பூஜை முடித்து ஊர்வலம் போல வந்துகொண்டிருந்தவர்கள். புகை விடுகிற வண்டியைப் பார்த்தார், வித்யாவின் வயிற்றைப் பார்த்தார், வேறு எதுவும் கேட்கவில்லை.

"மனெகா, ஆஸ்பத்ரெகா?"

வீட்டுக்கா, ஆஸ்பத்திரிக்கா. வித்யா முந்திக்கொண்டு வீட்டுக்கு என்று கன்னடத்தில் சொல்லிவிட்டாள். வீடு பின்னால் பக்கத்திலேயே இருந்தது. ஆஸ்பத்திரி மடிவாளா தாண்டி, அந்த நெரிசல் முழுக்கக் கடந்து. அந்த அம்மாளும், வலி இல்லையென்றால் வீட்டில் போய் ஓய்வெடுக்கட்டுமே என்று ஆதரவாகச் சொன்னாள். நான் மட்டும்தான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி இருந்த பக்கமே கையைக் காட்டினேன்.

"வலி இல்லேன்னு சொல்றேன்ல சித்தி?" என்றாள் எரிச்சலாக.

"அதனாலதான்டி போறோம்" என்றேன்.

என் குரலில் என்ன இருந்ததோ, அந்த அம்மாளே இறங்கிக் கதவைத் திறந்துவிட்டாள். வித்யாவை முன்னால் ஏற்றினார்கள். அந்த அம்மாள் எனக்குத் துணையாகப் பின்னால் சரக்குத் தட்டில் ஏறிக்கொண்டாள். வாழையிலை எங்கள் முகத்தில் அறைய, அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். மாலை போட்ட வண்டி என்பதாலோ என்னவோ ஜனங்கள் வழி விட்டார்கள். நான் பின்கண்ணாடி வழியாக வித்யாவின் தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது கண்ணாடியை அறைந்து அவளை எழுப்பினேன். திரும்பி முறைத்தாள். அந்த முறைப்பு எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது தெரியுமா?

ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டரம்மா யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே ஆபரேஷனுக்குள் தள்ளிக்கொண்டு போனார். வெளியே வந்தபோதுதான் என்னிடம் சொன்னார். முதல் ஆபரேஷன் செய்த இடம் உள்ளே பிரிய ஆரம்பித்திருந்ததாம். அப்படிப் பிரிந்தால் இடுப்பு வலி நின்றுவிடுவது உண்டாம். "வலி போச்சுன்னு வீட்ல போய்த் தூங்கியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை.

மறுநாள் முரளி போய் வண்டியைப் பார்த்திருக்கிறார். வித்யா சாத்திய சாமந்திச் சரம் ரேடியேட்டருக்குப் பின்னால் சரிந்து, ஃபேனில் சுற்றி, அதை இறுக்கிப் பிடித்திருந்ததாம். ஃபியூஸ் எரிந்து, ஃபேன் நின்று, தண்ணீர் கொதித்து, பழைய குழாய் வெடித்து எல்லாம் வெளியே போயிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய், இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டே வளைந்துவிட்டது. பழைய இரும்புக்குத்தான் போடலாம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

நான்தான் அம்மா வண்டியைக் கொன்றேன் என்று வித்யா நேற்று தலையணை நனைய அழுதாள். அழாதே என்றேன். வண்டி நன்றாக இருந்திருந்தால் அந்த யு டர்னில் நான் திரும்பியிருப்பேன். வீட்டுக்குப் போய் அவளைத் தூங்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நானும் தூங்கியிருப்பேன். முள் இறங்கியதைப் பார்த்துத்தானே நீ எனக்கு ஞாபகம் வந்தாய் என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பெருமையாக இருந்தது. ஆனால் அந்தப் பெருமையும் அரை நாள்தான். இன்றைக்கு நர்ஸ் வந்து குழந்தை சமத்தாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டாளே.

மேலே எழுதியதோடு நிறுத்திவிட்டு, எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டிவிட்டு வந்தேன், அக்கா. என்ன வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். குழந்தை ஏன் அழவில்லை என்று கேட்டேன். தூங்குகிறது, நேற்றைவிட இன்றைக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது, மிஷினில் பாருங்கள் என்று பச்சை எழுத்துகளைக் காட்டினாள். மிஷினைப் பார்க்க மாட்டேன், குழந்தையை ஒரு தடவை தொட்டுப் பாரம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எழுப்பினால் அழுவாளே என்றாள். அழட்டும் என்றேன்.

அவளுக்குக் கோபம்தான். ஆனாலும் போனாள். பெட்டிக்குள் கையை விட்டு, உன் பேத்தியின் உள்ளங்காலை விரலால் மெல்லச் சுண்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை சுண்டினாள். நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தையின் முகம் சுருங்கியது, சிவந்தது. சோக் இழுத்த குளிர்காலைகளில் உன் வண்டி செய்யுமே, அது மாதிரி இரண்டு தடவை இருமினாள், நின்றாள், அப்புறம் பிடித்துக்கொண்டாள். அழுகை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போதுமா என்பது போல நர்ஸ் என்னைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று கை காட்டினேன்.

இதோ, இதை எழுதும்போதும் அழுதுகொண்டிருக்கிறாள். நானும்தான்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இந்த வீட்டில் இனி யாராவது வலி நின்றுவிட்டது என்று சொன்னால், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் தூங்கப் போக மாட்டேன். எல்லாரும் சிரிப்பார்கள், எரிந்து விழுவார்கள், சித்திக்குப் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள். பரவாயில்லை. நீ என்னைக் கூப்பிட்ட அந்தப் பெயரைச் சொல்ல இப்போது ஆள் இல்லாமல் இருக்கிறது. இவள் பேச ஆரம்பித்ததும் முதல் வேலையாக அதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.

உன் மகளுக்குச் சித்தி, உன் பேத்திக்குச் சின்னப் பாட்டி,
உனக்கு என்றைக்கும் பயந்தாங்கொள்ளித் தங்கை,
சுமதி